மதிலில் காய்ந்த பாய்

கெலிஓயாவில் மழை பெய்தால் சிவமணி வெளியே வருவாள். வெயில் எறித்தால் வரமாட்டாள். சிரிப்பாக இருக்கிறதா? சிரியுங்கோ. அந்தச் சின்ன ஒழுங்கையில் குடியிருக்கிற சனமெல்லாம் இருபத்தைந்து வருசமாகச் சிரித்ததுதான், நீங்களும் சிரித்துவிட்டுப் போங்கோ.

ஊரே மழைக்கு ஒதுங்க இடம் தேடி ஓடும். இவள் மட்டும் குடையை விரித்து, சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஆறுதலாக நடந்து போவாள். கடைக்குப் போவதும் மழையில்தான். கோயிலுக்குப் போவதும் மழையில்தான். பக்கத்து வீட்டுக் கைரியா அவளுக்கு மழைக்காரி என்று பேர் வைத்திருந்தாள். "வெயில்ல கறுத்துப் போயிருவாளாம், அதான் இந்த எடுப்பு" என்று அந்தக் கைரியாவே சொல்லிச் சிரிப்பாள். சிவமணியும் சிரிப்பாள். ஒருத்தி சிரித்ததற்கும் மற்றவள் சிரித்ததற்கும் காரணம் வேறு வேறு என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அங்கேதான் எல்லா வினையும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த சிவமணி, யோகேந்திரனைக் கட்டிக்கொண்டு கண்டிப் பக்கம் வந்தவள். யோகேந்திரன் பேராதனை ரெயில்வே ஸ்டேசனில் கிளார்க். காலை ரெயிலில் போய், பின்னேர ரெயிலில் திரும்புகிற மனுசன். பிள்ளைகள் வாய்க்கவில்லை. அது ஒரு கவலைதான், ஆனால் அதைப் பற்றிப் பேசிப் பேசித் தேய்ந்துபோய், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்கள். சிவமணி வீட்டின் பின்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு சாறிச் சட்டை தைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி ஒரு கை. கம்பளையிலிருந்துகூட ஆட்கள் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள். அளவெடுக்க வருகிறவர்களும் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஆனபடியால் அவள் வெளியே போக வேண்டிய தேவையே பெரிதாக இல்லை.

பாய்க் கதைக்கு வருகிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பில் தமிழர் வீடுகளில் பற்றிய நெருப்பு மலையேறி வந்துகொண்டிருக்கிறது என்று ரெயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். யோகேந்திரன் ஸ்டேசனிலிருந்து பாதி நாளில் ஓடி வந்தான். என்ன செய்வது, எங்கே போவது என்று தலைகால் புரியாமல் இரண்டு பேரும் வீட்டுக்குள் நிற்கையில், பின்மதிலுக்கு மேலால் கைரியாவின் முகம் தெரிந்தது. "என்னத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க? மதிலால ஏறி வாங்க. செருப்பு வாணாம், சத்தம் கேக்கும்" என்றாள். அவள் புருசன் தாஸிமுக்குப் பிரதான வீதியில் துணிக்கடை. வீட்டின் பின்பக்கம் துணிக்கட்டுகள் அடுக்கி வைத்த அறை ஒன்று இருந்தது. யன்னல் கிடையாது. அந்தக் கட்டுகளுக்குப் பின்னால் சிவமணியையும் யோகேந்திரனையும் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

சத்தம் வந்தது. ஒரு கும்பல் வந்து கேற்றைத் தட்டியது. கைரியா இடுப்பில் கைக்குழந்தையோடு போய், கேற்றுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, இங்கே ஒருத்தரும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னாள். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரல் நடுங்கவில்லை. உள்ளே இருந்த சிவமணிக்குத்தான் பல்லோடு பல் அடித்தது. பக்கத்தில் தன் வீட்டுக் கண்ணாடிகள் உடைகிற சத்தம் கேட்டது. நெருப்பு வைக்கப் போனவர்களை எதிர்வீட்டுச் சிங்கள முதலாளி சத்தம் போட்டுத் தடுத்தாராம். றேடியோவோடும் கொஞ்சச் சாமானோடும் அவர்கள் போய்விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று கைரியா ஓர் ஏற்பாடு சொன்னாள். "புள்ள, நான் செல்றதக் கேளு. ஊர் இன்னும் சரியில்ல. நான் ரோட்டப் பாத்துக்கொண்டுதான் ஈக்கிறேன். இந்தச் செவப்புக் கோட்டுப் பாய் மதில்ல ஈந்தா, வெளியே தல காட்டவே வாணாம். யன்னலும் தொறக்க வாணாம். பாய எடுத்துட்டேன்னா, பயமில்ல, வாங்க."

பெரிய பன்பாய் அது, இரண்டு கரையிலும் சிவப்புக் கோடு. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பின்மதிலில் அதைப் போட்டால் சிவமணியின் குசினி யன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். அந்தக் கிழமையே அது ஒரு நாள் மதிலில் விழுந்தது. அன்றைக்கு ஒழுங்கைக்குள் தெரியாத ஆட்கள் வந்து, தமிழர் வீடு எது என்று விசாரித்துப் போனார்கள். சிவமணியும் யோகேந்திரனும் மூச்சுக் காட்டாமல் உள்ளே கிடந்தார்கள். பின்னேரம் பாய் போய்விட்டது. கதவைத் திறந்தார்கள். உயிர் பிழைத்தது அந்தப் பாயால் என்று சிவமணி வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பாருங்கோ வேடிக்கை. ஊர் மெல்லத் தணிந்தது. யோகேந்திரன் வேலைக்குப் போகத் தொடங்கினான். கைரியாவுக்கு மூன்று பிள்ளைகள், கடைக்காரப் புருசன், தலைக்கு மேல் வேலை. பாய் ஏற்பாட்டை அவள் அந்த வருசமே மறந்துபோனாள். கெலிஓயா மகாவலி ஆற்றங்கரை ஊர். ஈரம் சுவருக்குள் இருந்தே ஊறும். பாயையும் தலையணையையும் இரண்டு நாள் வெயில் காட்டாமல் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அவள் கடைக்குட்டிக்கு வேறு மூச்சு இழுப்பு வருத்தம். ஆனபடியால் வெயில் எறிக்கிற நாளெல்லாம் கைரியா முதல் வேலையாகப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து மதிலில் போடுவாள். மழை வந்தால் ஓடிவந்து எடுப்பாள். எந்த வீட்டிலும் நடக்கிற வேலைதான்.

குசினி யன்னலுக்கு இந்தப் பக்கம் சிவமணி நின்றாள். யோகேந்திரன் காலை ரெயிலுக்குப் போன பிறகுதான் பாய் விழும். உடனே யன்னலைச் சாத்துவாள், முன்கதவுக்குக் கொண்டி போடுவாள், பின்னறைக்குப் போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மழை பிடித்துப் பாய் எடுபட்டால் அப்பாடா என்று இருக்கும். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள்.

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உங்களுக்கு வாய் துடிக்கும். எனக்கும் துடித்ததுதான். ஆனால் யோசித்துப் பாருங்கோ. தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேற்றில் நின்றவளிடம், அக்கா என்கிற இடத்தில் ராத்தா என்று கூப்பிடுகிறவளிடம் போய், "ராத்தா, உண்மையிலேயே ஆபத்தா, இல்லையா?" என்று கேட்க எந்த முகத்தோடு போவது? நம்பவில்லை என்று ஆகிவிடாதா? அதோடு, பாய் விழுந்த நாளிலெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. தான் உள்ளே இருந்தபடியால்தான் நடக்கவில்லை என்று சிவமணி நினைத்தாள். தொண்ணூற்றெட்டில் கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்த அந்தத் தை மாதத்துக் காலையில் நல்ல வெயில். செய்தி அவள் காதுக்கு வருமுன்னே பாய் மதிலுக்கு வந்துவிட்டது. இந்த மனுசிக்கு எப்படித்தான் முன்கூட்டியே தெரிகிறதோ என்று சிவமணி கையெடுத்துக் கும்பிட்டாள். பைத்தியம் மாதிரி விசர் வேலைதான். ஆனால் பயந்த நெஞ்சுக்கு நியாயம் சொல்லி யார் வென்றார்கள்?

அப்படியே அவளுக்கு வெயில் என்பது பின்னறைக்குள் வருகிற ஒரு சின்னப் பொட்டாகிவிட்டது. கூரை ஓட்டில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் விழுகிற வெளிச்சம் காலையில் அலுமாரிக் கதவில் இருக்கும். பிறகு மெல்ல இறங்கி, தரையில் ஊர்ந்து, மத்தியானம் போல அவள் மடியில் கிடக்கிற துணிக்கு வரும். மெஷினை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீலத் துணியில் விழுந்தால் ஒரு நிறம், மஞ்சளில் விழுந்தால் ஒரு நிறம். விரலை வைத்தால் விரல் நுனி சுடும். பிறகு அது அவளை விட்டுவிட்டுச் சுவரில் ஏறிப் போய்விடும். அந்த ஒளிக்கோட்டுக்குள் தூசிகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகுவாள். பாதித் தூக்கத்தில் வீட்டுக் கதவை யாரோ தட்டுவார்கள். யாரென்று கேட்டால், நான்தான் வெயில், உள்ளே வரட்டா என்று கேட்கும். இப்ப ஏலாது, பாய் கிடக்குது என்று இவள் சொல்லுவாள். சரி, இன்னொரு நாளைக்கு வாறன் என்று அது செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடும். இந்தக் கனவு அவளுக்கு அடிக்கடி வந்தது. பயமான கனவு இல்லை. எழும்பினால் மட்டும் காரணமில்லாமல் அழுகை வரும்.

மழை நாட்கள்தான் அவளுடைய உலகம். ஹந்தானை மலை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூடுபனிப் புகாருக்குள் பாதி மறைந்த மலைதான். ஆறு எப்போதும் கலங்கல், ரோட்டில் எப்போதும் தண்ணீர், சனங்களுக்கு எப்போதும் குடை. நிழல் விழுகிற ரோட்டில் தான் நடந்து எவ்வளவு காலம் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

உடம்பு மட்டும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் எலும்புக்குள் நோவு. முழங்கால், இடுப்பு, முதுகு. வயசு போகிறதுதானே என்று தைலம் பூசினாள். பிறகு கை. தைத்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கும். மற்றக் கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பாள். வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கடைசியில் மூச்சு. குசினியிலிருந்து பின்னறைக்கு நடந்தால் இளைத்தது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டி எழும்பி உட்கார வேண்டியிருந்தது. அப்போதுதான் யோகேந்திரன் பயந்துபோனான். வன்னியில் சண்டை உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்ப்பக்கச் செய்தி கேட்டுக் கேட்டு இவள் நெஞ்சு நொந்து போயிருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

டொக்டரிடம் கூட்டிப்போவதே பெரும்பாடு. போக வேண்டிய நாளில் வெயில் எறித்தால் பாய் விழும். பாய் விழுந்தால் இவள் அசையமாட்டாள். "இண்டைக்குக் கால் நோகுது, நாளைக்குப் போவம்" என்று ஒற்றைக்காலில் நிற்பாள். மழை பெய்தபடியால் ஒரு நாள் தானாகவே புறப்பட்டாள். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, நெஞ்சு வீங்கிச் சோர்ந்திருக்கிறது என்று ஸ்கானில் தெரிந்தது. குளிசை கொடுத்தார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது, களைப்பு போகவில்லை. பிறகுதான் யாரோ சொல்லிக் கண்டி டவுனில் டொக்டர் ராஜலிங்கத்திடம் போனார்கள். அன்றும் மழை.

ராஜலிங்கம் புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். "வாங்கம்மா, ஒக்காருங்க" என்று கதிரையைக் காட்டி, அவள் மேல்கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி, காற்று அடித்து இறுக்கி, அப்படியே கொஞ்ச நேரம் விட்டிருந்தார். சிவமணியின் கை மெல்ல மடங்கியது. பெருவிரல் உள்ளே போய், மற்ற விரல்கள் நீட்டி நிமிர்ந்து ஒட்டிக்கொண்டன. சிவமணி வெட்கப்பட்டு மற்றக் கையால் அதை மறைத்தாள்.

"மறைக்காதீங்கம்மா. இதத்தான் நான் பாக்க நெனச்சேன்" என்றார் டொக்டர். பட்டியைக் கழற்றிவிட்டு அவள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க வெயில்ல போறதே இல்லையா?"

"மழையில போவன்" என்றாள் சிவமணி.

டொக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பகிடி விடுகிறாளா என்று யோசித்திருப்பார். இரத்தம் எடுத்துச் சோதிக்க அனுப்பினார்.

முடிவு வந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "ரத்தத்துல கல்சியம் ரொம்பக் கொறைவு. விட்டமின் டி இருக்கான்னு தேடித்தான் பாக்கணும். வெயில் ஒடம்புல பட்டாத்தான் அது ஊறும். மீன்ல, முட்டையில கொஞ்சம் இருக்கு, நீங்க சைவம். அது இல்லாட்டி சாப்பாட்டுல இருக்கிற கல்சியம் ரத்தத்துல சேராது. கல்சியம் கொறஞ்சா கை இழுக்கும். நெஞ்சும் ஒரு தசைதானேம்மா. அது சுருங்கி அடிக்கவும் கல்சியம் வேணும். வேற காரணம் இருக்கான்னும் பாத்துட்டேன். உங்க நெஞ்சு ஓஞ்சு போனதுக்கு இதுதான் காரணம்னு நெனைக்கிறேன். அப்படின்னா இது திரும்பி வரக்கூடிய நெஞ்சு."

"அப்ப பிரஷரும் இதாலதானோ டொக்டர்?" என்று யோகேந்திரன் கேட்டான்.

"அது உறுதியாச் சொல்ல ஏலாது. விட்டமின் டி கொறஞ்சவங்களுக்குப் பிரஷரும் ரத்தக்குழாய் வருத்தமும் கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சி சொல்லுது. ஆனா அதுதான் காரணமா, இல்ல வீட்டுக்குள்ளயே கெடக்கிறவங்களுக்கு எல்லா வருத்தமும் சேந்து வருதான்னு இன்னும் தெளிவில்ல. தெரியாதத தெரியும்னு நான் சொல்லமாட்டேன். அதனால பிரஷர் குளிசைய நிப்பாட்டாதீங்க. இந்தக் குளிசை இப்போதைக்கு உங்கள தூக்கி நிறுத்தும். அப்புறம் நிக்கிறது உங்க கையிலதான். காலையில வெயில் ஏறுனதும் முகத்துலயும் கையிலயும் கொஞ்சம் வெயில் படட்டும். கொஞ்சம் நடங்க. மறுபடியும் உள்ளேயே அடஞ்சு கெடந்தா, எறங்குன நெஞ்சு அடுத்த தடவை ஏறுமான்னு தெரியாது." பிறகு சிரித்துக்கொண்டு, "எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. அவங்களுக்குச் சோத்துக்குப் பஞ்சம் இருந்துச்சு, வெயிலுக்கு இருந்ததில்ல" என்றார்.

குளிசை வேலை செய்தது. விரல் மடங்குவது நின்றது. படுத்துத் தூங்க முடிந்தது. வெயில்தான் சரிவரவில்லை.

பென்சன் எடுத்து வீட்டில் இருந்த யோகேந்திரன் காலையில் முற்றத்தில் கதிரையைக் கொண்டுபோய்ப் போடுவான். "இஞ்சரும், வாரும். நல்ல இளவெயில்."

"இண்டைக்கு ஏலாது."

"நேற்றும் ஏலாதெண்டீர். முந்தநாளும் ஏலாதெண்டீர். உமக்கு என்ன, சாகிற யோசனையே?"

சிவமணி குசினி யன்னலைக் காட்டினாள். "பாய் கிடக்குதப்பா."

"எந்தப் பாய்?"

அவள் அவனை அதிசயமாகப் பார்த்தாள். இது என்ன கேள்வி? "ராத்தாவின்ர பாய். சிவப்புக் கோட்டுப் பாய். அது மதிலில கிடந்தால் வெளியில வரக்கூடாதெண்டு சொன்னவாதானே? நீங்களும் பக்கத்திலதானே நிண்டனீங்கள்."

யோகேந்திரன் முற்றத்துக் கதிரையில் தானே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருசம் காலை ரெயிலுக்கு ஓடிப் பின்னேரம் வந்த மனுசன். பகலில் இந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மதிலைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். மேலே சூரியனைப் பார்த்தான். "ஐயோ, விசரி" என்று சொல்லிக்கொண்டு முகத்தைப் பொத்தி அழுதான்.

பின்னேரம் அவன் போய்க் கைரியாவிடம் சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் அப்படியே வாசலில் குந்திவிட்டாள். தாஸிம் மவுத்தாகி, பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய், அவளும் அந்த வீட்டில் தனியாக இருந்த காலம். "அல்லாஹ்வே! நான் பாய் காயத்தானே போட்டேன். புள்ளக்கி இழுப்புன்னு காயப் போட்டேன். என்ட கையால அவள உள்ளுக்கு வெச்சுப் பூட்டிட்டேனே" என்று தலையிலடித்துக்கொண்டாள். ஓடிவந்து சிவமணியைக் கட்டிப்பிடித்தாள். "மழைக்காரி மழைக்காரின்னு சிரிச்சேனே, புள்ள! ஒரு வார்த்த கேட்டீக்கலாமே!"

"கேட்டால் நீங்கள் வேற பதில் சொல்லிப்போடுவியள் எண்டும் ஒரு பயம், ராத்தா" என்றாள் சிவமணி. அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. வெளியே வரலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் வெளியே வர வேண்டியிருக்கும் அல்லவா?

அன்றிலிருந்து கைரியா மதிலில் பாய் போடவில்லை. வீட்டுக்குள்ளேயே கட்டிலின் கீழ் சுருட்டி வைத்தாள். பூஞ்சணம் பிடித்தால் பிடிக்கட்டும் என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். எங்கே! சிவமணி வெறும் மதிலையே பார்த்துக்கொண்டு குசினியில் நின்றாள். முன்பென்றால் பாய் கிடந்தால் ஆபத்து, இல்லாவிட்டால் இல்லை. இப்போது பாயே வராது என்றால் ஆபத்து வருவது எப்படித் தெரியும்? வெயிலுக்கும் வரவில்லை, மழைக்கும் வரவில்லை. கதிரை முற்றத்தில் தனியாகக் காய்ந்தது. கால் மறுபடியும் லேசாக வீங்கத் தொடங்கியது. யோகேந்திரன் திரீவீலரில் ஏற்றிக் கட்டாயமாகக் கொண்டுபோய்க் காட்டியபோது டொக்டர் ராஜலிங்கம் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் சொன்னத நீங்க கேக்கல" என்று மட்டும் சொன்னார்.

வைகாசி மாதம் வந்தது. வன்னிச் சண்டை முடிந்துவிட்டது, இராணுவம் வென்றுவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். அன்று காலை விடியும்போதே வெடிச் சத்தம். கம்பளை ரோட்டில் கொடி கட்டிய லொறிகளும் திரீவீலர்களும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ரோட்டோரம் பெரிய சட்டிகளில் பாற்சோறு வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார்கள். சிவமணியின் சின்னம்மா குடும்பம் வன்னிக்குள் இருந்தது. மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. இருக்கிறார்களா என்று யாரைக் கேட்பது? அவள் குசினிக்குள் நின்று அழுதாள். சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுதாள். பழைய துணியறை, பழைய பயம், எல்லாம் அப்படியே திரும்பி வந்து பக்கத்தில் நின்றன.

வெளியே வெயில். ஹந்தானைக்கு மேலே ஒரு துண்டு மேகம் இல்லை. அவள் யன்னல் இடுக்கால் பார்த்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கைரியா நின்றாள். கையில் அந்தப் பாய். பழைய பாய்கள் எத்தனையோ கிழிந்து புதுப்பாய் வந்திருந்தது, ஆனாலும் அதே சிவப்புக் கோடு. மதிலில் போடுவதற்குத் தூக்கினாள். பிறகு இறக்கினாள். ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மறுபடியும் தூக்கினாள். ஒரு வெடி பெரிதாக வெடித்தது. கைரியா உடம்பெல்லாம் தூக்கிப்போட, பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கைகள் நடுங்கின. போட்டால் இவளைக் கொன்றவளாவோமோ, போடாவிட்டால் கொல்லக் கொடுத்தவளாவோமோ என்று தெரியாமல் வயசான ஒரு மனுசி வெயிலில் தனியாக நின்று தடுமாறினாள்.

சிவமணி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நடுக்கத்தை அவள் இதற்கு முன் கண்டதில்லை. கேற்றில் நின்ற அன்றைக்குக் குரல் நடுங்கவில்லை என்றுதானே இத்தனை வருசமும் நினைத்துக்கொண்டிருந்தாள்! கை நடுங்கியதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் துணிக்கட்டுக்குப் பின்னால் அல்லவா இருந்தாள். தான் உள்ளே இருந்த நாளெல்லாம் இந்த மனுசி வெளியேதான் நின்றிருக்கிறாள்.

கொண்டியைத் தூக்கினாள். பின்கதவு ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. தோளால் தள்ளித் திறந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. வெறுங்காலில் முற்றத்துச் சிமெந்து சுட்டது. மதிலடிக்கு நடந்து வந்து சேர்வதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் யோகேந்திரன் கதவில் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது.

"வராத புள்ள, வராத! என்னன்னு தெரியா, எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல" என்று கைரியா கையை ஆட்டினாள்.

சிவமணி மதிலில் கையை ஊன்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "ராத்தா, உங்களுக்கு ஆர் பாய் போட்டது?"

கைரியாவுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் ரோட்டைப் பார்த்தவளுக்கு, தனக்காக ஒருத்தர் பார்க்கலாம் என்ற யோசனையே இதுவரை வந்ததில்லை போலும். சிவமணி மதிலுக்கு மேலால் கையை நீட்டி அந்தப் பாயை வாங்கினாள். மதிலில் போடவில்லை. தன் முற்றத்துச் சிமெந்தில், நடுவெயிலில், இரண்டு கையாலும் விரித்துப் போட்டாள். "வாங்கோ" என்றாள்.

கைரியா கேற்றால் சுற்றி வந்தாள். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். சிவமணி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்தாள். வெயில் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. பின்னறையில் விரல் நுனியில் மட்டும் பட்டுப் போனதுதான், இப்போது கை முழுக்க, முகம் முழுக்க, மடி முழுக்கக் கிடந்தது. கதவைத் தட்டிவிட்டு இன்னொரு நாளைக்கு வாறன் என்று போனது, கடைசியில் வந்தேவிட்டது. வெளியே ஹோர்ன் சத்தம் நிற்கவில்லை. சின்னம்மாவை நினைத்துச் சிவமணிக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை, அதுவும் வெயிலில் காய்ந்தது.

அந்த வருசக் கடைசியில் ராஜலிங்கம் புது ஸ்கானையும் பழைய ஸ்கானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு திரும்பி வந்திருச்சும்மா" என்று சொன்னார். பிரஷர் குளிசை மட்டும் நிற்கவில்லை. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்.

கைரியா அவளை மறைக்கிற மாதிரி ரோட்டுப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, மெதுவாகக் கேட்டாள். "பயமில்லையா, புள்ள?"

"பயம்தான் ராத்தா" என்றாள் சிவமணி. "கொஞ்சம் அங்கால தள்ளி இருங்கோ. உங்கட நிழல் எனக்கு மேல விழுகுது."